பால்காரர் தரும் வைக்கோலை கினி பிக்குக்குப் போடலாமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு கினி பிக் வாங்கினோம். பஞ்சு, லட்டு என்று பெயர். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கடையில் ஜோடி என்று சொல்லிக் கொடுத்த இரண்டடிக் கம்பிக் கூண்டிலேயே பால்கனியில் வைத்திருக்கிறோம். ஆன்லைனில் வாங்கும் டிமோத்தி புல் கட்டுப்படியாகவில்லை. பாதியைத் தின்னாமல் மிதித்து நாசமாக்குகின்றன. வீடெல்லாம் புல், கூடவே நாற்றம். புல் போடும்போது மகள் தும்முகிறாள். பால்காரர் தன் மாட்டுக்கு வாங்கும் வைக்கோலில் ஒரு கட்டு தருகிறேன் என்கிறார். அதைப் போடலாமா? பெரிய கூண்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா? அப்புறம், ஒரு வாரமாக லட்டு கேரட்டை எடுத்து எடுத்துக் கீழே போடுகிறது, தாடையும் ஈரமாக இருக்கிறது. தண்ணீர் குடிப்பதால் இருக்குமா?

பதில்:

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது. லட்டுவின் தாடையை நனைப்பது பெரும்பாலும் எச்சிலாகத்தான் இருக்கும். கேரட்டை ஆசையாக எடுக்கிறது, கடிக்கப் பார்க்கிறது, கீழே போட்டுவிடுகிறது என்றால் பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கடைவாய்ப் பல்லை. இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையில், முயல், கினி பிக் பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் நாய், பூனை மட்டும் பார்க்கிறவர் என்றால் முதலில் போனில் கேட்டுவிடுங்கள். ஒன்றும் அமையவில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், கினி பிக்கின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கினி பிக் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தாலே ஆபத்து ஆரம்பித்துவிடும். குடல் ஓட்டம் நின்று, வாயு சேர்ந்து, வலியில் இன்னும் தின்னாமல் போய், இரண்டே நாளில் கைமீறிப் போனவற்றைப் பார்த்திருக்கிறேன். லட்டு இப்போதைக்கு மெத்தென்று இருப்பதை ஏதாவது தின்றுகொண்டிருக்கலாம். டாக்டரைப் பார்க்கும் வரை பெல்லெட்டை, அதாவது கடையில் விற்கும் உருட்டிய தீவனத்தை, வெந்நீரில் கூழாக ஊறவைத்து ஆறியபின் சின்னத் தட்டில் வையுங்கள், கொத்தமல்லித் தழையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். புழுக்கை வழக்கம்போல் விழுகிறதா, சிறுத்து, எண்ணிக்கை குறைந்து விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாத்திரையைப் பொடி செய்து கொடுத்துவிடாதீர்கள், யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, கெட்டது பெருக இடம் கொடுத்துவிடும். ஒன்றிரண்டு வேளையிலேயே உயிர் போகலாம். கினி பிக்குக்குக் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக் தனியாக இருக்கிறது, அதை டாக்டர் எழுதுவார்.

கிளினிக்குப் போகும்போது பஞ்சுவையும் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். பக்கத்தில் கூட்டாளி இருந்தால் பயம் பாதியாகும். பெட்டியில் ஒரு துண்டு விரித்து, ஒரு பிடி புல் போட்டு, பக்கங்களில் காற்று வர ஓட்டை போடுங்கள். மத்தியான வெயிலில் ஆட்டோவில் போக வேண்டாம். போன இடத்தில் இரண்டையும் ஆணா பெண்ணா என்றும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கடையில் "ஜோடி" என்று கொடுத்தது ஆணும் பெண்ணுமாக இருந்தால், எட்டு மாதத்தில் இன்னும் குட்டி வராதது ஆச்சரியம்தான். ஆண் குட்டி மூன்று, நான்கு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆறேழு மாதத்துக்குள் ஒரு முறையும் குட்டி போடாத பெண்ணுக்கு அதற்குப் பிறகு இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடுவதால் முதல் பிரசவம் உயிராபத்தில் முடியலாம். உங்களுடையது ஆணும் பெண்ணும்தான் என்று தெரிந்தால் அன்றைக்கே பிரித்து வையுங்கள், அப்புறம் ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்வதைப் பற்றிப் பேசலாம்.

சரி, இப்போது வைக்கோலுக்கு வருவோம். பால்காரர் நல்ல மனதோடுதான் தருகிறேன் என்கிறார். ஆனால் வேண்டாம். எனக்கு வரும் கினி பிக், முயல் கேள்விகளில் பத்துக்கு ஐந்தில் இந்தக் குழப்பம் இருக்கிறது. அதற்குக் காரணம் நம் மொழிபெயர்ப்புதான். வெளிநாட்டு வீடியோக்களில் "ஹே" போடுங்கள் என்கிறார்கள், அதை நாம் வைக்கோல் என்று எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் சொல்வது உலர்புல். புல்லை அது பூக்கத் தொடங்குகிற பருவத்தில், இலையும் சத்தும் இருக்கும்போதே பச்சையாக அறுத்துக் காயவைத்தது. வைக்கோல் என்பது கதிர் முற்றி, நெல்லை அடித்து எடுத்தபின் மிஞ்சுகிற தாள். பயிர் தன்னிடம் இருந்த சத்தையெல்லாம் நெல்மணிக்குக் கொடுத்து முடித்துவிட்டது. புரதம் 3, 4 சதவீதம்தான் தேறும், சிலிக்கா நிறைய. மாடு நான்கு அறை வயிற்றில் போட்டு, அசைபோட்டு, கூடவே புண்ணாக்கும் தவிடும் தின்று சமாளித்துக்கொள்கிறது. ஒரு கிலோ எடையுள்ள கினி பிக் அந்த வைக்கோலை நம்பி இருந்தால் வயிறு நிறைந்தபடியே மெலியும். அது போக, மாட்டுக்கு வரும் வைக்கோல் எங்கெங்கோ மழையில் நனைந்து, காய்ந்து, போரில் எலி ஓடி, சிறுநீர் கழித்து வந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி உங்கள் மகள் கைக்கு வரும் வழி அது. படுக்கைக்காவது விரிக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கோல் தாளின் வெட்டு முனை ஊசி மாதிரி இருக்கும், புல்லுக்குள் தலையை விட்டுத் துழாவும் பிராணிக்குக் கண் போய்விடும். கருவிழியில் கீறல் விழுந்து, கண் வெள்ளையாகப் பூத்துப்போய் வரும் கினி பிக்குகளில் பலவற்றுக்கு வைக்கோலோ உமியோதான் படுக்கை.

உலர்புல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு லட்டுவின் வாயே பதில். கினி பிக்குக்கு மொத்தம் 20 பல். முன்னால் தெரியும் வெட்டுப்பல் மட்டும் வளரும் என்று பலர் நினைக்கிறார்கள், கடைவாய்ப் பல்லும் சேர்த்து இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்க வேண்டியது நார் மிகுந்த புல். புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைத்து அரைத்து ஓடும், அந்த அசைவில்தான் பல் தேய்கிறது. கேரட், பெல்லெட், பிஸ்கட் எல்லாம் நொறுங்கியவுடன் விழுங்கப்பட்டுவிடும், அரைப்பு வேலையே இல்லை. ஒரு முறை ஒரு வீட்டிலிருந்து மூன்று வயது கினி பிக் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நாளாகத் தின்னவில்லை. மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால், கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்பக்கமாக வளைந்து வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டிருந்தன. நாக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் எதையும் உள்ளே தள்ள முடியவில்லை. வீட்டில் புல் என்று எதுவுமே போட்டதில்லை, தினமும் கேரட்டும் ரொட்டியும். பல்லைச் சீவிவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டியிருந்தது. லட்டுவுக்கு அவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன், நீங்கள் ஒரு வாரத்திலேயே கவனித்திருக்கிறீர்கள்.

உணவில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகத்தான் இருக்க வேண்டும். தினமும் ஒரு கினி பிக்குக்கு அதன் உடம்பளவுக்கு ஒரு குவியல். கணக்குக்கு, இரண்டுக்கும் சேர்த்து சிதறலோடு மாதம் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிமோத்தி கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள், புரிகிறது. அது குளிர்நாட்டுப் புல், நம் வெயிலில் விளையாது, கப்பலேறி வருவதால் அந்த விலை. அந்தப் பெயரில் மந்திரம் எதுவும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அந்தப் புல்லைப் பரப்பிய டிமோத்தி ஹேன்சன் என்ற விவசாயியின் பெயர்தான் அதற்கு ஒட்டிக்கொண்டது. நமக்குத் தேவை நல்ல புல், எந்த ஊர்ப் புல்லாக இருந்தாலும் சரி. நம் தெருமுனையிலேயே ஒன்று விற்கிறது: அருகம்புல். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்களே, அதே புல்தான். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று காயவைத்து குதிரைக்கும் முயலுக்கும் விற்பதும் இதே இனம்தான்.

அருகம்புல்லை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். பச்சையாகவே கொடுக்கலாம், ஆனால் இதுவரை காய்ந்த புல்லே தின்றவற்றுக்குத் திடீரென்று ஒரு கூடை பச்சைப்புல் போட்டால் வயிறு உப்பும். முதல் நாள் ஒரு சின்னப் பிடி, பிறகு ஒரு வாரம், பத்து நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். காலையில் வந்த புதுக்கட்டாக வாங்குங்கள். பூக்கடையில் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்த கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். கதகதவென்று சூடாக இருந்தால் உள்ளே புளிக்க ஆரம்பித்துவிட்டது, அதை வாங்காதீர்கள். தெரு ஓரத்தில், பார்க்கில் அறுத்த புல் வேண்டாம். நாய் சிறுநீரும் கொசு மருந்தும் எங்கே பட்டிருக்கும் என்று நமக்குத் தெரியாது.

காயவைப்பது எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் மிச்சமாகும். கட்டைப் பிரித்து, வேரோடு இருந்தால் வேரையும் மண்ணையும் கிள்ளிவிட்டு, தண்ணீரில் இரண்டு முறை அலசி உதறுங்கள். மொட்டை மாடியில் நேர் வெயிலில் போடாமல், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ விரித்து, அதன் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். காலையும் மாலையும் கையால் புரட்டிவிடுங்கள். நிழலில் காய்ந்தால் பச்சை நிறம் தங்கும், வாசனை நிற்கும், நேர் வெயிலில் வெளுத்துப்போகும். சென்னைக் காற்றில் மூன்று நாள், நான்கு நாள் ஆகலாம், மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். காய்ந்ததா என்று பார்க்க இலையை நம்பாதீர்கள், இலை சீக்கிரம் காய்ந்துவிடும். தண்டின் கணுவை எடுத்து மடக்குங்கள். வளைந்தால் இன்னும் ஒரு நாள், சட்டென்று ஒடிந்தால் எடுத்து வைக்கலாம். கணுவில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு கிலோ பச்சைப்புல் காய்ந்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். அதனால் முழுத் தேவைக்கும் வீட்டிலேயே காயவைப்பது ஃபிளாட்டில் நடக்காது. பாதி டிமோத்தி அல்லது ஓட்ஸ் புல், பாதி அருகம்புல் என்று கலந்து போடுங்கள். நான் அப்படித்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மாட்டுப் பண்ணை பக்கத்தில் இருந்தால் கினியாப் புல் கிடைக்கும், அதுவும் நல்லது, வெப்பநாடுகளில் கினி பிக்குக்கு அதை நிறையவே போடுகிறார்கள். கோ-4, கோ-5 என்று விற்கும் கம்பு நேப்பியர் புல்லை முக்கிய உணவாக்க வேண்டாம், கல் உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம். குதிரை மசால் என்ற தீவனப்பயிரின் வாசனைக்கு இவை ஆசையாக ஓடி வரும், ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் சரி, வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் வரும்.

இனி கூண்டு. ஆம், மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டடிக் கூண்டில் இரண்டு கினி பிக் என்பது ஒரு சூட்கேஸுக்குள் இரண்டு பேர் குடித்தனம் நடத்துவது மாதிரி. இரண்டுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் கீழ்வரம்பு, 5 அடி நீளம் கிடைத்தால் இன்னும் நல்லது. மேல்மாடி வைத்த கூண்டில் மாடியின் பரப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், இவை ஏறி இறங்கும் பிராணி இல்லை, தரையில் ஓடும் பிராணி. பெரிய கூண்டு கடையில் தேடினால் விலை மலைக்க வைக்கும். தேடவே வேண்டாம். கிரிட் பேனல் என்று விற்கும் கம்பிச் சட்டங்களைக் கிளிப் போட்டு இணைத்து வேலி கட்டி, உள்ளே சன் பேக் ஷீட் என்ற பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் அரை அடி மடித்துத் தட்டு மாதிரி செய்து வைத்தால் முடிந்தது. ஒன்றேகால் அடி உயரச் சுவர் போதும், இவை தாண்டாது. வீட்டுக்குள் பூனை வரும் என்றால் மேலே வலை மூடி வேண்டும்.

இப்போதைய கூண்டின் அடியும் கம்பியா என்று நீங்கள் எழுதவில்லை. கம்பியாக இருந்தால் இன்று இரவே அதன் மேல் ஒரு அட்டையும் துணியும் விரித்துவிடுங்கள். கினி பிக்கின் உள்ளங்காலில் முடி கிடையாது, கம்பியில் நின்று நின்று சிவந்து, புண்ணாகி, எலும்பு வரை போய்விடும். இரண்டின் பாதங்களையும் திருப்பிப் பார்த்து, சிவப்போ தடிப்போ இருந்தால் டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.

உங்களுடைய நாற்றப் பிரச்சினை, சிதறல் பிரச்சினை, வேலைப் பிரச்சினை மூன்றுக்கும் ஒரே இடத்தில் தீர்வு இருக்கிறது. கினி பிக் தின்னும்போதே புழுக்கை போடும். தின்னும் இடத்திலேயே நின்று சிறுநீரும் கழிக்கும். அதாவது புல்லை எங்கே வைக்கிறீர்களோ அதுதான் அதன் கழிப்பறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூண்டின் நடுவிலோ, நாலு மூலையிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புல் போட்டால் கூண்டு முழுவதும் நாறும். தெரிந்துகொண்டு, கூண்டின் ஒரு கோடியில் மட்டும் புல் மூலை ஒன்றை அமைத்தால் பாதிக்கு மேல் கழிவு அங்கேயே விழும். கூண்டின் அகலம் முழுவதையும் அடைக்கிற மாதிரி இரண்டடி நீளமுள்ள தாழ்வான பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்குங்கள். ஒரு பக்க விளிம்பை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, வெட்டு முனையை டேப் ஒட்டி மழுக்குங்கள். அடியில் நாலைந்து செய்தித்தாள், அதன் மேல் காகித பெல்லெட் இருந்தால் ஒரு அடுக்கு, அதற்கு மேல் புல்லைக் குவியலாக. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பலசாலி மற்றதை விரட்டும். தினமும் காலையில் டப்பை மட்டும் தூக்கி, செய்தித்தாளோடு சுருட்டிக் கொட்டி, புதிதாகப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை. மீதித் தரைக்கு உறிஞ்சும் துண்டு ஒன்று, அதன் மேல் ஃபிளீஸ் துணி. புழுக்கையைத் தினமும் கைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்தால் துணியை மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை துவைத்தால் போதும். வாசனை கம்ஃபோர்ட் எதுவும் ஊற்றாதீர்கள், துணி உறிஞ்சாது. டப்பின் அடியில் வெள்ளையாகப் படியும் சிறுநீர்க் கறைக்கு வினிகரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் கழன்று வந்துவிடும். மரக்கடையிலிருந்து இலவசமாக வரும் மரத்தூளும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும்.

புல் வைக்க விற்கும் உருண்டைக் கம்பிப் பந்தை வாங்காதீர்கள், தலையை விட்டு மாட்டிக்கொண்டு கழுத்து ஒடிந்தவை உண்டு. பாதியைத் தின்னாமல் மிதிக்கின்றன என்று வருத்தப்படுகிறீர்கள், அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். இலையைப் பொறுக்கித் தின்று தடித்த தண்டை ஒதுக்குவது அவற்றின் இயல்பு. "இருப்பதை முடித்தால்தான் புதுசு" என்று பட்டினி போட்டால் குடல்தான் பாதிக்கும். ஒதுக்கியதில் நனையாததை உதறி அடுத்த நாள் குவியலின் அடியில் போடலாம், நனைந்ததையும் புழுக்கையையும் மாடித் தோட்டத்துத் தொட்டிகளுக்குக் கொடுங்கள். கத்தரியும் கறிவேப்பிலையும் நன்றாக வரும்.

ஒளிந்துகொள்ள இரண்டு வீடு வேண்டும், ஒன்று போதாது. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பக்கம் வாசல் வெட்டினால் போதும். ஒரே வாசல் என்றால் ஒன்று மற்றதை உள்ளே வைத்து முடக்கிவிடும். எறும்பு வந்தால் எறும்புச் சாக்பீஸ் போடாதீர்கள். கூண்டை நாலு கால் உள்ள மேசை மேல் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், நம் பாட்டிமார் தின்பண்ட அலமாரிக்குச் செய்த அதே வேலை.

பால்கனி வேண்டவே வேண்டாம். கினி பிக் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது, அதற்கு வியர்க்காது, 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சென்னையின் புழுக்கத்தில் 30-க்குக் கீழேயே திணறும். ஒவ்வொரு மே மாதமும் மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வரும், "காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது டாக்டர்" என்று. படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தபின் பத்தில் சிலவற்றைத்தான் காப்பாற்ற முடிகிறது. அதனால் கூண்டை ஹாலின் உள்சுவர் ஓரத்தில், டிவி ஸ்பீக்கர், சமையல் புகை இரண்டுக்கும் தள்ளி வையுங்கள். ஒரு துண்டு கடப்பா கல்லைக் கூண்டுக்குள் போட்டு வைத்தால் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அகல வாய் மண்பானையைப் படுக்கவைத்தாலும் உள்ளே போய்விடும். அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கித் துணி சுற்றி வையுங்கள், பகலில் ஏசி உள்ள அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஃபேன் மட்டும் சுற்றினால் வியர்க்காத உடம்புக்குப் பெரிதாகப் பயன் இல்லை.

புல்லைச் சேமிப்பதில் சென்னைக்காரர்கள் செய்யும் தவறு, மிச்சப்படுத்தலாம் என்று ஒரேயடியாகப் பத்து கிலோ வாங்கி பிளாஸ்டிக் பையிலேயே கட்டி வைப்பது. ஐப்பசி மழை வந்ததும் உள்ளே வேர்த்துவிடும். இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். பழைய அரிசி டிரம்மில் போட்டு மூடிக்குப் பதிலாக வேட்டித் துணியை இழுத்துக் கட்டுங்கள், காற்று போகும், கரப்பான் போகாது. டிரம்மைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் படாமல் வையுங்கள். அந்துருண்டை போடக்கூடாது. வாரம் ஒரு முறை கையை அடிவரை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். அறுத்த வயல் வாசனை வந்தால் சரி. ஈரச்சாக்கு வாசனை வந்தாலோ, உதறும்போது வெள்ளையாகத் தூசி கிளம்பினாலோ மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். வெயிலில் காயவைத்துப் போடலாமா என்று கேட்காதீர்கள், பூஞ்சை செத்தாலும் அதன் நஞ்சு புல்லிலேயே இருக்கும்.

மகளின் தும்மலுக்கு முதல் வேலையாக, அவள் புல் போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி, பெரியவர் யாராவது பால்கனியில் மாஸ்க் போட்டு உதறிவிட்டு உள்ளே கொண்டுவந்து போடுங்கள். தும்மல் அதோடு நின்றால் புல் தூசிதான் காரணம். நிற்காவிட்டாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ, கையில் வட்டமாகப் படை மாதிரி வந்தாலோ குழந்தை டாக்டரிடம் காட்டி, வீட்டில் கினி பிக் இருப்பதையும் சொல்லுங்கள். படர்தாமரை இவற்றிடமிருந்து குழந்தைகளுக்கு வரக்கூடியது.

கேரட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இனிப்பு அதிகம், வாரத்துக்கு இரண்டு வில்லை போதும். மனிதர்களைப் போலவே கினி பிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க முடியாத பிராணி, வெளியிலிருந்து தினமும் வர வேண்டும். குடைமிளகாயில் ஒரு துண்டு தினமும் கொடுங்கள், கொத்தமல்லி கொடுங்கள், கொய்யாவில் விரல்நுனி அளவு வாரத்துக்கு இரண்டு முறை. முருங்கைக் கீரையில் சுண்ணாம்பு அதிகம், எப்போதாவது ஓர் இணுக்கு. தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடுவதை நம்பாதீர்கள், வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே வீணாகிவிடும். சாதம், பருப்பு, தயிர்சாதம், வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. வைட்டமின் சி குறைந்தால் ஈறு பலவீனமாகிப் பல்லும் ஆடும் என்பதால் லட்டு விஷயத்தில் டாக்டர் இதையும் கேட்பார், எட்டு மாதமாக என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

வீட்டில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருக்கிறதல்லவா, அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து இன்று இரவே இரண்டின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்தில் நிறுத்து மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், புல்லைத் தொடாமல் அவள் செய்யக்கூடிய வேலை அது. ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனம், 100 கிராம் குறைந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். லட்டுவின் வாயைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பல்லைச் சீவ வேண்டியிருந்தது என்றால், அதற்குப் பிறகு முதல் பத்து நாள் எந்தப் புல்லை எப்படிக் கொடுப்பது என்று தனியாகச் சொல்கிறேன்.